மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதும் ஆலய, சங்கப் பொறுப்பாளர்களுக்கு

பினாங்குத் தீவில் ஆலயம் நடத்துகிறவர்களே, சங்கம் நடத்துகிறவர்களே, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்களில் பொறுப்பேற்றிருப்பவர்களே, வணக்கம்.

மாநகர் மன்றத்துக்கு நம்மவர்கள் அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலானவை நியாயமான காரணத்துக்காக எழுதப்படுகின்றன. ஆனால் யாரிடம் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம், எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்ற மூன்றும் அவற்றில் தெளிவாக இருப்பதில்லை. அதனால் அவை மறுக்கப்படுவதுகூட இல்லை. ஏதோ ஒரு கோப்பில் தூங்கிவிடுகின்றன. பிறகு "மன்றத்தில் நமக்கு ஆள் இல்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆள் இருந்தாலும், லாட் எண் (நிலத்தின் எண்) இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? மன்றக் கோப்புகளோடும் கூட்டத் தாள்களோடும் பழகியவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். மன்றத்தைத் திட்டவோ புகழவோ அல்ல.

முதலில் ஒரு பின்னணி. ஜார்ஜ்டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி. எஸ். ராமநாதன். புலாவ் திக்குஸ் பக்கம் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு வந்த 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே இன்றைய கவுன்சிலர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். மேயர் நீங்கலாக 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல் இருக்கலாம் என்கிறது சட்டம். உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்தவர் என்று யாரும் கிடையாது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டவும் வழியில்லை. மன்றத்தோடு உங்களுக்கு உள்ள நிரந்தரத் தொடர்பு எழுத்தில் இருப்பது மட்டும்தான். அதனால்தான் கடிதத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

மன்றச் செயலாளர் அலுவலகம் என்ன செய்கிறது என்பதில் நம்மிடையே நிறையக் குழப்பம். செயலாளர் மேயருக்கு அடுத்த பெரிய அதிகாரி, ஆகவே அவர் நினைத்தால் பந்தலுக்கு அனுமதி, வரிக்குத் தள்ளுபடி எல்லாம் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். அந்த அலுவலகத்தின் வேலை வேறு. கூட்டங்களைக் கூட்டுவது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கூட்டக் குறிப்பு எழுதி உறுதிப்படுத்த வைப்பது, மன்ற முத்திரை இடவேண்டிய பத்திரங்களைக் கவனிப்பது, துணைச் சட்டங்களை அரசிதழுக்குக் கொண்டுபோவது, பணியாளர் நிர்வாகம், இவைதான் அங்கே நடக்கின்றன. முடிவெடுப்பது குழுக்களும் முழுக் கூட்டமும். சில விஷயங்களில் அந்தந்தத் துறைத் தலைவரே முடிவெடுக்கலாம். வேறு சிலவற்றில் மாநில அரசுதான் முடிவெடுக்க முடியும்.

கடிதம் போகும் பாதையைப் பாருங்கள். கவுண்டரில் வாங்கியதும் தேதி முத்திரை விழும். பதிவேட்டில் ஏறும். ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதில் சேரும், இல்லையென்றால் புதுக் கோப்பு. கோப்பின் இடப்பக்கம் ஒரு குறிப்புத்தாள் இருக்கும். அதில் மேலதிகாரி இரண்டு வார்த்தை கிறுக்குவார். 'திண்டாக்கான்' என்று எழுதினால் அந்தத் துறை வேலையைத் தொடங்க வேண்டும். 'மக்லுமான்' என்று எழுதினால் படித்துவிட்டு வைத்துவிடலாம். உங்கள் கடிதத்தின் தலைவிதி அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. மேயர், செயலாளர், பொறியியல் துறை, சட்டமன்ற உறுப்பினர், ஆட்சிக்குழு உறுப்பினர் என்று ஐந்து பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மக்லுமான் போட்டுவிடுவார்கள். யார் செய்ய வேண்டுமோ அவர் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு நகல், கடிதத்தின் அடியில் 'எஸ்.கே.' என்று போட்டுப் பட்டியலிட்டால் போதும்.

திண்டாக்கான் என்று போனபிறகு துறை அதிகாரி இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவார். குழுவின் முடிவு தேவைப்பட்டால் அந்த அறிக்கை கூட்டத் தாளாகும். குழு கூடி முடிவெடுக்கும். அது மாதம் ஒருமுறை நடக்கும் முழுக் கூட்டத்தில் உறுதியாகும். அதன் பிறகே பதில் கடிதம். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்: முழுக் கூட்டத்துக்கு முன்னால் குழுக் கூட்டம், அதற்கு முன்னால் தாள் தயாராக வேண்டும், அதற்கும் முன்னால் இடப் பார்வை. குழுவுக்குப் போகவேண்டிய விஷயத்துக்கு இரண்டு மூன்று மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் கணக்கு. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொடுத்துவிட்டு, அவசரம் என்று சிவப்பு மையில் எழுதுவதால் குழு முன்கூட்டியே கூடிவிடாது.

இனி கடிதத்துக்கு வருவோம். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நம் கடிதங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆலயத்துக்கு முன்னால் கால்வாய் அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும், மண்டபக் கூரைக்கு நிதி வேண்டும் என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால், அந்தக் கடிதம் ஒரே கோப்பில்தான் போக முடியும். முதல் பத்தியில் கால்வாய் என்று இருந்தால் பொறியியல் துறைக்குப் போகும். அங்கே கால்வாயைத் தூர்வாரிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். மற்ற மூன்றையும் யாரும் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. அவை யார் மேசைக்கும் போகவே இல்லை. நான்கு விஷயமென்றால் நான்கு தாள்.

மொழி தேசிய மொழியாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் திருப்பி அனுப்பமாட்டார்கள்தான். ஆனால் கூட்டத் தாள் மலாயில் எழுதப்படுகிறது. உங்கள் வாசகத்தை அதிகாரி அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி இருந்தால், நீங்கள் சொன்னதே கூட்டத்தில் வாசிக்கப்படும். அவர் மொழிபெயர்த்துச் சுருக்கினால் எது விடுபடும் என்பது உங்கள் கையில் இல்லை.

தலைப்பில் மூன்றும் இருக்க வேண்டும்: கேட்பது என்ன, எந்த இடத்தில், எந்தத் தேதிக்கு. 'உதவி கோரி விண்ணப்பம்' என்ற தலைப்பால் பயனில்லை. 'இன்ன சாலையில், இன்ன லாட்டுக்கு முன்னால், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை 20 அடிக்கு 40 அடி தற்காலிகப் பந்தல் அமைக்க அனுமதி' என்று எழுதினால், பதிவேட்டில் ஏற்றுகிறவருக்கே அது எந்தத் துறை என்று தெரிந்துவிடும்.

இடத்தைச் சொல்லும்போது "சந்தைக்குப் பின்னால் உள்ள மாரியம்மன் கோயில்" என்பது நமக்குப் புரியும். மன்றத்தின் ஆவணங்களில் அப்படி ஓர் இடம் இல்லை. அங்கே இடம் என்றால் லாட் எண், நகரப் பகுதியானால் செக்‌ஷன் எண், வெளியேயானால் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), அதற்குமேல் தீமோர் லாவுட் மாவட்டமா பாராட் டாயா மாவட்டமா என்பது. மதிப்பீட்டு வரி பில்லில் உள்ள கணக்கு எண்ணையும் போட்டுவிட்டால் அதிகாரி தேட வேண்டியதே இல்லை. கூடவே ஓர் இடவரைபடம். கூகுள் வரைபடத்தை அச்சிட்டு எல்லையைச் சிவப்பில் வரைந்தாலும் போதும். இரண்டு புகைப்படங்களும் வேண்டும். ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில். அடைத்த கால்வாயைக் கிட்டத்தில் மட்டும் எடுத்தால் தீவிலுள்ள எல்லாக் கால்வாய்களும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சங்கத்தின் சார்பில் எழுதினால் சங்கப் பதிவு எண், இப்போதைய நிர்வாகக் குழுப் பட்டியல், இந்த விண்ணப்பத்தை அனுப்புவதென்று குழு எடுத்த தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு அணிகளாகப் பிரிந்திருக்கும் ஆலயங்களிலிருந்து எதிரெதிரான கடிதங்கள் வருவது மன்றத்துக்குப் புதிதல்ல. அப்படி வந்தால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, சங்கப் பதிவிலாகா யாரை அங்கீகரிக்கிறது என்று கேட்டு எழுதுவார்கள். ஆலயம் இந்து அறப்பணி வாரியத்தின் கீழ் இருந்தால், நிலம் சம்பந்தமான எதற்கும் கடிதம் வாரியத்திடமிருந்து போவதே முறை. உள்ளூர்க் குழுவின் கையெழுத்தை நில உரிமையாளரின் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், மற்றொன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டுக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்தக் கடிதம் எழுதினாலும் 'ருஜுக்கான் துவான்' (உங்கள் கோப்புக் குறிப்பு) என்ற வரியில் அந்த எண்ணை இடுங்கள். எண் போடாமல் எழுதும் நினைவூட்டல் புதுக் கடிதமாகப் பதிவாகிப் புதுக் கோப்பில் உட்கார்ந்துவிடும். ஒரே விஷயத்துக்கு இரண்டு கோப்பு, இரண்டு அதிகாரி, இரண்டு பதில் என்று ஆகிவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

எது மன்றத்தின் வேலை, எது இல்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மதிப்பீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து, மன்றத்துக்கு. நிலவரி நில அலுவலகத்துக்கு. சாலையோரக் கால்வாய் மன்றத்துக்கு. ஆறும் பெரிய வெள்ள வாய்க்கால்களும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு. கூட்டரசு சாலை பொதுப்பணித் துறைக்கு. குழாய்த்தண்ணீர் பி.பி.ஏ., மலக்குழாய் இண்டா வாட்டர். குப்பை விஷயத்தில் கெடாவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே குப்பை அள்ளுவது மன்றத்தின் பொறுப்பு. அடுக்குமாடியில் மேல்வீட்டுத் தண்ணீர் கீழே ஒழுகினால் அது செயலாளருக்கு எழுதும் விஷயமல்ல. முதலில் உங்கள் நிர்வாக அமைப்பிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். அங்கே தீராவிட்டால் கட்டட ஆணையரிடம் போகலாம். இன்னொன்று: பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் அன்பர்கள் தீவு மன்றத்தின் அலுவலகம் உள்ள கொம்தாருக்கு எழுதிப் பயனில்லை. உங்களுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம் தனியாக இருக்கிறது. 2019-இல் அதுவும் மாநகரானது.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடுகிறவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் வேலை. ஆண்டுதோறும் அதே தடுமாற்றம். பந்தல் என்பது சட்டத்தின் பார்வையில் தற்காலிகக் கட்டுமானம். மன்றத்தின் அனுமதி பந்தலுக்கும் இடத்துக்கும் மட்டும்தான். சாலையை அடைப்பது, போக்குவரத்தைத் திருப்புவது காவல்துறையின் கையில். மின்சாரமும் தண்ணீரும் தனித்தனி விண்ணப்பங்கள். ஆக ஒரு பந்தலுக்கு நான்கு கடிதங்கள் வரை ஆகும். மன்றத்தின் அனுமதி கையில் இருப்பதால் மற்றவை தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பந்தல் வரைபடத்தைக் கையால் வரைந்தாலும் அளவு இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம், சாலை விளிம்பிலிருந்து எத்தனை அடி, அருகிலுள்ள சந்திப்பிலிருந்து எத்தனை அடி, தீயணைப்புக் குழாய் எங்கே இருக்கிறது, கால்வாய் மூடி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுங்கள். தீயணைப்புக் குழாயை மறைத்து வரைந்த வரைபடம் இடப் பார்வையிலேயே நின்றுவிடும். கால்களைத் தார்ச்சாலையில் துளையிட்டு ஊன்றப் போகிறீர்களா, எடைக்கல் வைத்து நிறுத்தப் போகிறீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். அடுப்பு வைத்துச் சமைப்பதென்றால் எரிவாயு உருளைகளின் எண்ணிக்கை, அவை எந்தப் பக்கம் நிற்கும், தீயணைப்பான் எத்தனை என்பதும் வேண்டும். கேட்டபிறகு சொல்வதைவிட முன்பே சொல்லிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

வைப்புத்தொகை கட்டச் சொன்னால் சங்கத்தின் பெயரிலேயே கட்டுங்கள். அவசரத்துக்குப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிடுவார். ரசீது அவர் பெயரில் வரும். விழா முடிந்ததும் பணமும் அவர் பெயருக்கே திரும்பும். அதைச் சங்கக் கணக்கில் காட்டும்போது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழும் கேள்விகளை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மூல ரசீதைத் தொலைத்துவிட்டால் அதற்கும் ஒரு பாடு. பந்தலைப் பிரித்தபிறகு இடத்தைச் சுத்தம் செய்து அன்றே படம் எடுத்து வையுங்கள். யாரோ மறுநாள் கொட்டிய குப்பைக்கு உங்கள் வைப்புத்தொகை போகக்கூடாது.

அடுத்தது வரி. ஆலயப் பொறுப்பாளர்கள் அதிகம் எழுதுவது இதைப் பற்றித்தான். அதிகம் தவறுவதும் இதில்தான்.

மதிப்பீட்டு வரி, இங்கே, ஆண்டு மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கட்டடம் வாடகைக்கு விடப்பட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்பதே ஆண்டு மதிப்பு. ஜொகூரில் முறையே வேறு. அங்கே சொத்தின் மதிப்பை வைத்து. இங்கே நீங்களே குடியிருந்தாலும், வாடகை ஒரு காசு வாங்காவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. மாதம் 1,200 வெள்ளிக்குப் போகக்கூடிய வீடென்றால் ஆண்டு மதிப்பு 14,400. விகிதம் 8 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,152 வெள்ளி, அரையாண்டுக்கு 576. முதல் பாதியைப் பிப்ரவரி முடிவதற்குள்ளும் இரண்டாம் பாதியை ஆகஸ்ட் 31-க்குள்ளும் கட்ட வேண்டும். தவறினால் போராங் இ (படிவம் இ) என்ற அறிவிக்கை வரும், கட்டணத்தோடு. அதையும் கவனிக்காவிட்டால் போராங் எஃப், அதாவது பொருள்களைக் கைப்பற்றும் வாரண்ட். போராங் இ வந்த அன்றே போய்ப் பேசினால் தவணைக்கு வழி உண்டு. வாரண்ட் வந்தபிறகு பேச்சு கடினம்.

ஆலயங்களுக்கு விலக்கு உண்டா என்றால், உண்டு, தானாக இல்லை. பொது வழிபாட்டுக்கென்றே பயன்படும் இடங்களுக்கும், உரிமம் பெற்ற பொது இடுகாடு சுடுகாடுகளுக்கும், இலாப நோக்கமில்லாத பொது அறப்பணி இடங்களுக்கும் வரிவிலக்கு அளிக்கலாம் என்கிறது உள்ளாட்சிச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு. அளிப்பது மாநில அரசு, மன்றம் அல்ல. மன்றம் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து மேலே அனுப்பும். ஆகவே "மன்றம் மறுத்துவிட்டது" என்று மேயரிடம் முறையிடுவதற்கு முன்னால் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

அந்த 'வழிபாட்டுக்கென்றே' என்ற நிபந்தனையில்தான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன. கருவறையும் முன்மண்டபமும் வழிபாட்டுக்கு. பக்கத்திலுள்ள கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடுகிறீர்கள். முன்புறம் இரண்டு பூக்கடை, அவற்றுக்கும் வாடகை. பின்னால் குருக்கள் வீடு. எல்லாம் ஒரே லாட்டில், ஒரே வரிக் கணக்கில். முழு லாட்டுக்கும் விலக்குக் கேட்டால் பூக்கடையைக் காட்டி முழுவதையும் மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். கட்டட வரைபடத்தில் வழிபாட்டுப் பகுதியை ஒரு வண்ணத்தில், வாடகைப் பகுதியை வேறு வண்ணத்தில் காட்டி, ஒவ்வொன்றின் பரப்பையும் சதுர அடியில் எழுதி, மதிப்பீட்டுத் துறையிடம் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லிவிட்டு, வழிபாட்டுப் பகுதிக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். வாடகை வருமானத்தை மறைக்காதீர்கள். பூக்கடைக்கு வியாபார லைசென்ஸ் கொடுத்ததும் இதே மன்றம்தான்.

புது மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது எதிர்ப்புக் கடிதங்கள் குவியும். 'நான் ஓய்வூதியத்தில் வாழ்கிறேன், உடம்பு சரியில்லை' என்று எழுதுகிறார்கள். உண்மைதான், வருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அதே உள்ளாட்சிச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு ஏற்கும் காரணங்களில் அது இல்லை. சொத்து அதன் மதிப்புக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கிறது, வரிக்கு உட்படாத சொத்து சேர்க்கப்பட்டிருக்கிறது, சேர்த்து மதிப்பிட வேண்டியது பிரித்தோ பிரித்து மதிப்பிட வேண்டியது சேர்த்தோ மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பது போன்றவைதான் எதிர்ப்புக்குக் காரணமாகும். ஆக எதிர்ப்புக்கு வேண்டியது கண்ணீரல்ல, பக்கத்து வீட்டின் வாடகை ஒப்பந்தம். அதே வரிசையில், அதே அளவில் உள்ள இரண்டு மூன்று வீடுகள் உண்மையில் என்ன வாடகைக்குப் போகின்றன என்று காட்டுங்கள். கூரை ஒழுகுகிறதா, சுவர் விரிந்திருக்கிறதா, படம் இணையுங்கள். அறிவிக்கையில் உள்ள பரப்பளவை டேப் வைத்து நீங்களே சரிபாருங்கள். என்றோ பிரித்துப்போட்ட பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கலாம். எதிர்ப்பு எழுத்தில், அறிவிக்கையில் சொன்ன கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். விசாரணையிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்த படி உயர்நீதிமன்றம். கட்ட முடியவில்லை என்பது தனி வேண்டுகோள். அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் எதிர்ப்பு பலவீனமாகிவிடும்.

இங்கே இன்னொரு சிக்கல். பல வீடுகளில், சில சங்கக் கட்டடங்களிலும்கூட, வரி பில் இன்னும் இறந்துபோனவர் பெயரில் வருகிறது. யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே யாருக்கும் கவலையில்லை. சொத்து விற்கப்பட்டால் விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் போராங் ஐ கொடுக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு ஓராண்டுக்குள் போராங் ஜே. விற்றவர் அறிவிக்காமல் விட்டால் வரி அவர் தலையிலேயே தொடரும். யாருக்கோ விற்ற வீட்டுக்கு வாரண்ட் வந்து நிற்பது இப்படித்தான். பெயர் மாற்றிவிட்டால் வீடு உங்களுடையதாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மன்றத்தின் பட்டியல் வரிக்காக. உரிமை நில அலுவலகத்துப் பட்டாவில்தான். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்.

பட்டாவில் பெயர் மாற்றாததன் விலை, பக்கத்தில் மாடிக்கட்டடம் எழும்பும்போது தெரியும். நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு அனுமதி கேட்கப்பட்டால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவிக்கை போக வேண்டும். ஒட்டியுள்ள நிலமும், இடையில் 20 மீட்டருக்கு மிகாத சாலையோ கால்வாயோ இருக்கும் நிலமும் அண்டை நிலம்தான். முட்டுச்சந்து வழியாகப் போகும் இடமென்றால், அதே சந்தைப் பயன்படுத்தும், 200 மீட்டருக்குள் உள்ள நிலங்களும் சேரும். எதிர்ப்புச் சொல்ல 21 நாள். அறிவிக்கை பட்டாவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குப் போகும். பட்டாவில் இருப்பவர் இறந்து இருபது ஆண்டாகி, முகவரியும் பழையதென்றால் அந்த 21 நாள் உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடும்.

அப்படி அறிவிக்கை வந்தால் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பாதீர்கள். எங்கெங்கோ குடியிருக்கும் நானூறு பேர் போட்ட மனுவைவிட, எல்லையை ஒட்டியுள்ள மூன்று உரிமையாளர்கள் தனித்தனியாக எழுதிய எதிர்ப்புக்கு எடை அதிகம். ஒவ்வொருவரும் தன் லாட் எண்ணைப் போட்டு, தன் நிலத்துக்கு என்ன பாதிப்பு என்று எழுத வேண்டும். மழைநீர் எந்தப் பக்கம் வழியும், லாரி எந்த வழியாக வரும், ஆலயக் கோபுரத்துக்கும் புதுச் சுவருக்கும் எத்தனை அடி என்பது போல. எழுத்தில் எதிர்ப்புப் பதிந்தவருக்குத்தான் பிறகு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இடமுண்டு, அதுவும் ஒரு மாதத்துக்குள். தேநீர்க்கடையில் பேசிய எதிர்ப்புக்கு அங்கே இருக்கை கிடையாது.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்று உள்ளாட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது; மூடிய கூட்டமாக நடத்தத் தீர்மானித்தால் ஒழிய. குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. முழுக் கூட்டத்தில் போய் அமரலாம், பேச முடியாது. உங்கள் விஷயம் அங்கே பேசப்பட வேண்டுமென்றால் கவுன்சிலர் ஒருவர் எழுப்ப வேண்டும். எந்தக் கவுன்சிலர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்த்து, அந்தக் குழுவில் இருப்பவரை அணுகுங்கள். தமிழர் என்பதற்காக ஒருவரைத் தேடிப் போவதில் தவறில்லை, ஆனால் அவர் போக்குவரத்துக் குழுவில் இருந்தால் லைசென்ஸ் குழுவில் அவரால் கை தூக்க முடியாது. அவரிடம் கொடுப்பதும் வாய்ப்பேச்சாக இருக்க வேண்டாம்; முத்திரை பெற்ற பிரதியின் நகலும் கோப்பு எண்ணும் கொடுங்கள். சட்டம் மூன்றாண்டு வரை நியமனத்தை அனுமதித்தாலும், நியமனக் காலம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். டிசம்பரில் ஒருவரிடம் ஒப்படைத்த விஷயத்தை ஜனவரியில் அவர் இருக்கிறாரா என்று பார்த்துத் தொடருங்கள்.

முடிவு என்ன வாசகத்தில் பதிவானது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், மாநிலத்தின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பம் செய்து ஆவணம் கேட்கலாம், கட்டணம் உண்டு. 'கோயில் சம்பந்தப்பட்ட எல்லாக் குறிப்புகளும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்தக் குழு, எந்த மாதக் கூட்டம், எந்தக் கோப்பு எண் என்று கேளுங்கள். நம்மவர்கள் இதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

லைசென்ஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். உள்ளாட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, காரணம் சொல்லாமலே லைசென்ஸை ரத்து செய்யவும் புதுப்பிக்க மறுக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆகவே அங்காடிக்காரருக்காகச் சங்கம் பரிந்து எழுதும்போது 'உரிமை' என்று வாதாடுவதைவிட, எந்த நிபந்தனை மீறப்பட்டதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அது சரிசெய்யப்பட்டதற்குப் படத்தோடு சான்று காட்டுவது பலன் தரும். அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், சாமான் அடுக்கியதற்காக வந்த சம்மனுக்கு, அஞ்சடி காலியாக இருக்கும் படம்தான் சிறந்த பதில்.

கடைசியாக, சங்கத்துக்குள் செய்ய வேண்டியது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே வாரத்தில் மன்றத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: புதுத் தலைவர், புதுச் செயலாளர், கடிதம் வரவேண்டிய முகவரி, நடப்பில் உள்ள கோப்பு எண்கள். பதில் கடிதம் பழைய செயலாளர் வீட்டுக்குப் போய், அவர் மனத்தாங்கலில் பிரிக்காமல் வைத்திருந்து, கெடு தாண்டிப்போனதெல்லாம் நடந்திருக்கிறது. ஒரு தடித்த கோப்பு வாங்கி, முத்திரை பெற்ற பிரதிகளையும் மூல ரசீதுகளையும் தேதிவாரியாகப் போட்டு, சாவியோடும் காசோலைப் புத்தகத்தோடும் சேர்த்துப் புதியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.